கடல் துரத்தினால் அகதி ஆக முடியுமா?

கடல் ஏறி வந்து ஊர்க் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது, தென்னை பட்டுப்போகிறது, பெரிய அலை நாளில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, இனி இங்கே பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று முடிவு செய்து ஒருவர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறார். 'எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்' என்று கேட்கிறார். அவர் அகதியா?

செய்திகளில் 'காலநிலை அகதி' என்று தாராளமாக எழுதுகிறோம். ஆனால் சர்வதேச அகதிச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு வகை ஆளே கிடையாது. இன்றைக்கு மனித உரிமைக் கொள்கை பேசுகிற இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற சிக்கல்களில் இது முக்கியமான ஒன்று. சட்டப் படிப்பு எதுவும் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி, முதலிலிருந்து பார்ப்போம்.

அகதிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வீடு திரும்ப முடியாமலும் திரும்ப பயந்தும் கிடந்த காலம் அது. அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். 1951 ஜனவரி 1-க்கு முன் நடந்த சம்பவங்களால் வெளியேறியவர்களுக்கு மட்டும் என்று முதலில் வரம்பு கூட இருந்தது, 1967-ல் வந்த நெறிமுறை அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆனால் யார் அகதி என்கிற வரையறை அன்று எழுதியபடியே இன்றும் இருக்கிறது.

அந்த வரையறைப்படி நீங்கள் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவோம் என்ற பயம் இருக்க வேண்டும், அந்தப் பயத்துக்கு நியாயமான ஆதாரமும் இருக்க வேண்டும். அந்தத் துன்புறுத்தல் 5 காரணங்களில் ஒன்றால் வருவதாக இருக்க வேண்டும்: இனம், மதம், தேசிய அடையாளம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்பது, அரசியல் கருத்து. உங்கள் அரசு உங்களைக் காப்பாற்ற முடியாததாக அல்லது காப்பாற்ற விரும்பாததாக இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் அகதி. போர் நடக்கிற நாட்டிலிருந்து தப்பி வந்தவர்களே சில நேரம் இந்த வரையறைக்குள் வராமல் போவதற்குக் காரணம் இந்த 5 காரணப் பட்டியல்தான்.

இப்போது இதைக் கடலுக்குப் பொருத்திப் பாருங்கள். கடல் யாரையும் மதம் பார்த்து அடிப்பதில்லை. துன்புறுத்துபவர் யார் என்று அதிகாரி கேட்டால் காட்ட ஒரு முகம் இல்லை. சரி, கடல்மட்டம் உயரக் காரணம் கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்றிய பணக்கார நாடுகள்தானே, அவர்களைத் துன்புறுத்துபவர்கள் என்று சொல்லலாமே? இந்த வாதம் நியூசிலாந்து நீதிமன்றத்தில் நிஜமாகவே வைக்கப்பட்டது. நீதிபதி அதை ஏற்கவில்லை. அகதி என்பவர் துன்புறுத்துபவரிடமிருந்து தப்பி ஓடுகிறவர், இங்கே மனுதாரர் துன்புறுத்துவதாகச் சொல்லும் நாடுகளில் ஒன்றுக்குள்ளேயே அடைக்கலம் கேட்கிறார், இது தலைகீழாக இருக்கிறது என்றார். சட்டத்தை எழுத்துப்படி படித்தால் அவர் சொன்னது சரிதான். அதனால்தான் நான் இதைச் சட்டத்திலேயே உள்ள ஓட்டை என்கிறேன், ஒரு நீதிபதியின் மனக்கடினம் என்று சொல்லமாட்டேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வறட்சியோ புயலோ வந்த பிறகு அரசு நிவாரணத்தை ஒரு குறிப்பிட்ட இனத்துக்கோ எதிர்க்கட்சி ஆதரவாளர்களுக்கோ வேண்டுமென்றே மறுத்தால், அங்கே துன்புறுத்தல் வந்துவிடுகிறது. அப்போது 1951 உடன்படிக்கை வேலை செய்யும். ஐ.நா. அகதிகள் முகமையும் இதைச் சொல்கிறது. ஆனால் அந்த இடத்தில் சட்டம் காப்பது அரசின் பாகுபாட்டிலிருந்துதான், வெள்ளத்திலிருந்து அல்ல.

நியூசிலாந்து வழக்கு என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரத்தில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பது முழுக்க அந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

கிரிபாட்டி பசிபிக் கடலின் நடுவில் 33 தீவுகள் கொண்ட நாடு. மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம். பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் மெல்லிய கோடு போல நிற்கும் பவளத்தீவுகள் இவை, பனபா என்ற ஒரு தீவைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலான நிலம் கடல்மட்டத்திலிருந்து 2, 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஓடிப் போய் ஏற ஒரு மேடு கிடையாது. ஆறு கிடையாது.

குடிநீர் அங்கே எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பெய்கிற மழை பவளப் பாறைக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது என்பதால் இது நடக்கிறது. கிணறு தோண்டி அந்தப் படலத்தைத்தான் மக்கள் இறைக்கிறார்கள். அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். பேரலை ஒரு முறை தீவைத் தாண்டி அடித்துவிட்டுப் போனாலும் படலம் கெட்டுவிடும், மறுபடி மழை பெய்து பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பபாய் என்று ஒரு வகைச் சேம்பு அவர்களின் பாரம்பரிய உணவு, அதை இந்த நிலத்தடி நீரை எட்டும் வரை குழி தோண்டித்தான் நடுகிறார்கள். அந்தக் குழிகளும் உப்பாகின்றன. ஆக, தீவு மூழ்குவதற்கு ரொம்ப முன்னாலேயே தண்ணீரும் சாப்பாடும் போய்விடுகின்றன. 'நாடு எப்போது மூழ்கும்' என்று கேட்கிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

வெளித்தீவுகளில் பிழைக்க முடியாதவர்கள் தலைநகரப் பகுதியான தெற்கு தராவாவுக்கு வந்து குவிந்தார்கள். வழக்கு ஆவணங்களில் ஒரு கணக்கு வருகிறது: 1947-ல் தராவாவில் 1,641 பேர், 2010-ல் 50,000 பேர். இடம் இல்லை, நிலத் தகராறு, அடிதடி, சில நேரம் உயிர்ச்சேதம். இந்தப் பின்னணியில் அங்கிருந்து ஒருவர் மனைவியோடு 2007-ல் நியூசிலாந்து போனார். விசா 2010-ல் முடிந்துவிட்டது. பிறகு அகதித் தகுதி கேட்டார்.

தீர்ப்பாயம் 2013-ல் மறுத்தது. அவர் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை, அவரது சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார்கள். கடல் ஏறுகிறது, தண்ணீர் கெடுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் அவருக்கு இருக்கும் ஆபத்து கிரிபாட்டி மக்கள் எல்லோருக்கும் இருக்கும் ஆபத்துதானே, அவர் தனியாகக் குறிவைக்கப்படவில்லையே என்றார்கள். மேல்முறையீடுகள் ஒவ்வொன்றாகத் தோற்றன, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது, செப்டம்பரில் அவரை நாடு கடத்தினார்கள்.

அதோடு முடியவில்லை. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். இங்கே சட்டம் மாறுகிறது, கவனியுங்கள். இந்தக் குழு 1951 அகதிகள் உடன்படிக்கையைப் பார்ப்பதில்லை. 1966-ன் குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைப் பார்க்கிறது. அதன் 6-ம் பிரிவு உயிர் வாழும் உரிமை. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் உயிருக்குச் சரிசெய்ய முடியாத கேடு வரும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பக் கூடாது என்பது இதிலிருந்து வரும் விதி. திருப்பி அனுப்பாமைக் கொள்கை என்பார்கள். இதற்கு மதம், இனம் என்ற பட்டியல் தேவையில்லை. துரத்துகிறவர் யார் என்ற கேள்வியும் இல்லை. உயிருக்கு ஆபத்தா என்ற ஒரே கேள்விதான்.

குழுவின் முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. அவர் தோற்றார். நிலம் 10 முதல் 15 ஆண்டுகளில் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று அவரே சொல்கிறார், அதற்குள் கிரிபாட்டி அரசு உலக நாடுகளின் உதவியோடு ஏதாவது செய்ய நேரம் இருக்கிறது, ஆகவே நியூசிலாந்து விதியை மீறவில்லை என்றது குழு. ஆனால் அதே முடிவில் இதுவரை எந்த ஐ.நா. அமைப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாத ஒன்றையும் எழுதியது: நாடுகளும் உலகமும் உறுதியான நடவடிக்கை எடுக்காவிட்டால், காலநிலை மாற்றத்தின் விளைவுகளே ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமையை உண்டாக்கலாம். ஒரு நாடு முழுவதும் மூழ்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே அங்கு வாழ்க்கை கண்ணியமான வாழ்வுரிமைக்குப் பொருந்தாததாகிவிடலாம் என்றும் சொன்னது.

இரண்டு உறுப்பினர்கள் இந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. ஸ்லோவேனியாவின் வசில்கா சான்சின் குடிநீர்ப் பிரச்சினையைப் பிடித்தார். பாதுகாப்பான தண்ணீர் அங்கே கிடைக்கிறது என்று காட்ட வேண்டியது நியூசிலாந்து அரசு, மனுதாரர் அல்ல என்றார். உகாண்டாவின் டங்கன் லாகி முஹுமுசா இன்னும் கடுமையாக எழுதினார். மூழ்குகிற மனிதனை மூழ்குகிற கப்பலுக்கே திருப்பித் தள்ளிவிட்டு, அதில் வேறு பயணிகளும் இருக்கிறார்களே என்று நியாயம் சொல்வது போல இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு இந்த இருவரும் சொன்னதுதான் சரி என்று படுகிறது. 'எல்லோருக்கும் அதே ஆபத்துதானே' என்பது ஆபத்து பெரிது என்பதற்குச் சாட்சி, அதை உதவி மறுக்கும் காரணமாக எப்படி எடுக்க முடியும்?

ஆக, அகதிச் சட்டம் 'யார் துரத்துகிறார்கள்' என்று கேட்டுத் தடுக்கிறது, மனித உரிமைச் சட்டம் 'எப்போது' என்று கேட்டுத் தடுக்கிறது. கடல் மெதுவாக வருகிறது, அதனால் கண்ணெதிரே இருக்கிற ஆபத்தை மட்டும் பார்க்கப் பழகிய சட்டத்தின் பார்வையில் அது படுவதில்லை. இந்த இரண்டு கேள்வியையும் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் நடக்கும் சண்டை பெரும்பாலும் புரிந்துவிடும்.

அப்போ 1951 உடன்படிக்கையைத் திருத்திக் காலநிலையையும் ஆறாவது காரணமாகச் சேர்த்துவிடலாமே? நல்ல மனதுள்ளவர்கள் முதலில் கேட்பது இதுதான். அகதிகளுக்காக வேலை செய்கிறவர்களில் பலர் இதற்கு பயப்படுகிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். எல்லைச் சுவர் கட்டுவதாகச் சொல்லி ஓட்டு வாங்குகிற காலம் இது. உடன்படிக்கையைத் திருத்தப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோனால், இருக்கிற பாதுகாப்பையும் வெட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. தீவு மக்களில் பலர் அகதி என்று அழைக்கப்படுவதையே விரும்பவில்லை. கிரிபாட்டியின் முன்னாள் குடியரசுத் தலைவர் அனோட்டே டாங் 'கண்ணியத்தோடு இடம்பெயர்தல்' என்று பேசிவந்தார், அவர் காலத்தில்தான், 2014-ல், அந்த அரசு ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது. தொழில் கற்றுக்கொண்டு, விசாவோடு, தலை நிமிர்ந்து போக வேண்டும், முடிந்தவரை போகாமலே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புயல், வெள்ளம், அரிப்பால் இடம் பெயர்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எல்லையைத் தாண்டுவதே இல்லை. உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் 2024-ல் பேரிடர்களால் நடந்த உள்நாட்டு இடப்பெயர்வுகளை 4 கோடியே 58 லட்சம் என்று கணக்கிட்டது. வங்கதேசத்தில் குதுப்தியா தீவு கரைந்துகொண்டே போக, அங்கிருந்தவர்கள் காக்ஸ் பஜாரில் வந்து குடியேறி, அந்தக் குடியிருப்புக்கே குதுப்தியா பாரா என்று பெயர் வந்துவிட்டது. இவர்களுக்கு ஐ.நா.வின் 1998 வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, ஆனால் அவை நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆப்பிரிக்காவில் மட்டும் 2009-ல் கம்பாலா உடன்படிக்கை வந்து, காலநிலை மாற்றத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. மற்ற இடங்களில் சொந்த அரசின் மனசுதான்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு உலகச் சட்டம் கைகொடுக்காததால், நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடத் தொடங்கியிருக்கின்றன. பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான துவாலுவும் ஆஸ்திரேலியாவும் 2023 நவம்பரில் கையெழுத்திட்ட ஃபலேபிலி ஒன்றிய உடன்படிக்கை இதில் முதல் வரிசை. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம், மருத்துவ வசதி பெறலாம், ஊருக்குப் போய் வரலாம். வேலை உத்தரவு எதுவும் முன்கூட்டியே தேவையில்லை, குலுக்கல் முறையில் தேர்வு. 2025-ல் முதல் குலுக்கல் நடந்தபோது குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 11 ஆயிரம்தான். ஒரு தேசமே வரிசையில் வந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த 280 பேருக்கு அது வாழ்க்கை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. இதற்கு ஒரு விலை இருக்கிறது: துவாலு வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் கூட்டு வைக்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் வேண்டும். சீனாவை மனதில் வைத்து எழுதிய நிபந்தனை அது. இரண்டாவது, இது ஒரு அரசு தர விரும்பியதால் கிடைத்த இடம், யாரும் உரிமையாகக் கேட்டு வாங்கியதல்ல. உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று அதைக் கொடுக்கிறது என்பதையும் மறக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் கிரிபாட்டிக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது.

உரிமைக்கும் சலுகைக்கும் இருக்கிற தூரம் நமக்குப் புதிதல்ல. இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. 1983-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர்கள் முகாம்களில் தலைமுறை கடந்து வாழ்கிறார்கள், உதவித்தொகை வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அகதி என்ற சட்டத் தகுதி அவர்களுக்கு இல்லை, வெளிநாட்டவருக்கான சட்டத்தின் கீழேதான் வருகிறார்கள். அரசு நல்லெண்ணத்தோடு இருக்கும் வரை எல்லாம் நடக்கும். அதன் நிச்சயமின்மையை முகாமில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மனிதர்கள் போக இடம் கிடைத்தாலும், நாடு என்ன ஆகும்? 1933-ன் மாண்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் வேண்டும் என்கிறது. நிலம் போய்விட்டால்? இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. கிரிபாட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர், ஆனால் அதற்கு உரிமையான கடற்பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம்தான் அரசு வருமானத்தில் பெரும்பங்கு. தீவு மறைந்தால் கடலின் மேல் இருக்கும் உரிமையும் போகுமா என்பது அந்த மக்களின் பிழைப்புக் கேள்வி. துவாலு 2023-ல் தன் அரசியலமைப்பையே திருத்தி, நிலம் போனாலும் நாடு நிலைத்திருக்கும் என்று எழுதிவைத்துக்கொண்டது.

இந்தக் கேள்விகளுக்குப் பெரிய இடத்திலிருந்து பதில் வந்தது 2025 ஜூலை 23 அன்று. அதன் தொடக்கம் ஒரு வகுப்பறை. 2019-ல் வனுவாட்டுவில் தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள், இதை ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்திடம் கொண்டுபோக வேண்டும் என்று இயக்கம் ஆரம்பித்தார்கள். வனுவாட்டு அரசு அதைத் தன் கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பே இல்லாமல் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள். தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்க முடியாது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. புதைபடிவ எரிபொருள் எடுக்க அனுமதி தருவதும் மானியம் தருவதும் கூட அந்தக் கடமையை மீறும் செயலாகலாம். ஒரு நாடு உருவான பிறகு அதன் கூறுகளில் ஒன்று மறைந்தாலும் நாடு என்ற தகுதி போய்விட வேண்டியதில்லை. கடல் எல்லைக் கோடுகளை ஒரு முறை முறைப்படி நிறுவிவிட்டால், கரை பின்வாங்கினாலும் அவற்றை மாற்றி வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. காலநிலையால் உயிருக்கு மீளமுடியாத கேடு வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் திருப்பி அனுப்பாமைக் கடமையும் உண்டு. கிரிபாட்டிக்காரர் வழக்கில் குழு சொன்னதை உலகின் உச்ச நீதிமன்றம் தானும் எடுத்துக்கொண்டது.

இது ஆலோசனைக் கருத்து, தண்டனை தரும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒரு வழக்கறிஞர் இதை எடுத்து வைக்கலாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2024-லேயே, காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ம் பிரிவுகளில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் அமைப்பு ஒன்று தங்கள் அரசுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தது.

இனி இந்தத் துறையில் கவனிக்க வேண்டியது 'எப்போது' என்ற அந்தக் கேள்வியைத்தான். எவ்வளவு நெருங்கிய ஆபத்து இருந்தால் திருப்பி அனுப்பக் கூடாது என்று கோடு போட வேண்டியவர்கள் ஒவ்வொரு நாட்டின் குடியேற்ற அதிகாரிகளும் தீர்ப்பாயங்களும். நியூசிலாந்தில் 2013-ல் தீர்ப்பாயம் கேட்டது போலவே, 'உனக்கு மட்டும் என்ன தனி ஆபத்து' என்று இன்னமும் கேட்கலாம். கிணற்று நீரின் உப்பு அளவு, குழந்தைகளின் நோய், மழையில்லா மாதங்கள், பயிர் தோற்ற ஆண்டுகள் என்று கையில் ஆதாரத்தோடு அடுத்த மனுதாரர் வந்து நிற்கும்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் 2020-ல் எழுதிய அந்த வாசகம் ஒருவரையாவது காக்குமா என்பது தெரியும்.